முன் அறைக்கு ஓர் அனுமதி

1

தம்பியின் கடிதம் போன வாரம் வந்தது. சிங்கப்பூரில் தேர்தல் முடிந்துவிட்டதாம். "எங்கள் தொகுதியில் இந்தத் தடவையும் போட்டி இல்லை. வாக்களிப்பு நாளுக்கு விடுமுறை கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினேன். இங்கே மழை பரவாயில்லை" என்று எழுதியிருந்தான்.

என் தம்பி கதிரேசன் எந்தச் செய்திக்குப் பின்னாலும் மழையைப் பற்றி ஒரு வரி எழுதுவான். செய்தி எவ்வளவு பெரியதோ அவ்வளவு மழை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்த இளம் பிள்ளைகள் சிலரைப் பிடித்து விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள் என்று லண்டன் பத்திரிகைகளில் வந்தது. அது உண்மையா என்று அவனிடம் கேட்டு எழுதினேன். பதில் இரண்டு பக்கம் வந்தது. இரண்டு பக்கமும் மழை.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சிங்கப்பூரின் செம்பவாங்கில் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவினேன். எனக்கு வாக்களிக்கும் வயது வந்தபோது எங்கள் தொகுதியில் ஒருவர்தான் நின்றார். ஒருவர் நின்றதால் அவரே வென்றார். யாருக்கும் அலைச்சல் இல்லை. வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்து கிளம்பியபோது, கழுவத் தட்டு இல்லாமல் போன நானும் அவர்கள் பின்னால் லண்டனுக்குக் கிளம்பி வந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. இடையில் நான் அரசியலில் ஈடுபட்டது ஒரே ஒரு தடவை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இதை நீங்கள் சிங்கப்பூரில் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், பத்திரிகை ஆசிரியர் விடுமுறையில் இருக்கிறார் என்று பொருள்.

2

நாங்கள் லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறோம். வரிசை வீடுகள். எங்கள் வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே நான்கு எட்டு. அந்தச் சாலையைக் குறுக்கு வழியாகக் கண்டுபிடித்த லாரிக்காரர்கள், கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கனகரத்தினம் அண்ணனின் மளிகைக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கேதான்.

என் மனைவி ராஜம்மாவுக்குக் கடையில் வாங்க எதுவும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். கனகரத்தினத்தின் மனைவி புஷ்பராணியும் அவளும் பால் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் முழுவதும் பேச்சுதான். இவள் சிங்கப்பூர்த் தமிழில் பேசுவாள், அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார். இருவருமே மற்றவருக்குத் தமிழ் சரியாக வராது என்று நம்பினார்கள். அதனால் இருவரும் மெதுவாகவும் உரக்கவும் பேசுவார்கள். ஊருக்கே கேட்கும்.

ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது ஒரு வேனின் பக்கக் கண்ணாடி ராஜம்மாவின் முழங்கையைத் தட்டிவிட்டது. விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு நடந்தாள். வீட்டுக்குள் நடந்தாள், தோட்டத்தில் நடந்தாள். ஆனால் சாலை ஓரத்துக்கு வந்தால் கால் நின்றுவிடும். நான் கையைப் பிடித்தால் உதறுவாள்.

"என்னய ஆடு மாதிரி ஓட்டிட்டுப் போவாதீங்க. நானாப் போனாப் போறேன், இல்லாட்டி இங்கயே கெடக்கறேன்."

இரண்டு பெண்களும் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார்கள். இவள் முன் அறை ஜன்னலில், அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, கையை ஆட்டிக்கொண்டே, காதில் தொலைபேசியோடு பேசினார்கள். நடுவில் லாரி போனால் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். முகம் தெரியாவிட்டால் பேச மாட்டார்களாம். நான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் பேச்சு முடிந்த பின்னும் அவள் தொலைபேசியை வைக்காமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் காலால், யார் கையும் பிடிக்காமல், அந்தச் சாலையைக் கடக்க வேண்டும்.

"யார்கிட்டயாச்சும் கேளுங்களேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. நம் சிங்கப்பூரில் இது எளிது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் வாரம் ஒரு நாள் மக்களைச் சந்திப்பார். எண் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார வேண்டும். தனியாகப் போக வேண்டும், பணிவாகச் சொல்ல வேண்டும், நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். பல சமயம் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவார்கள். ராஜம்மா அங்கே அடிபட்டிருந்தால் சில மாதத்தில் எங்கள் வாசலில் ஒரு மேம்பாலம் எழும்பியிருக்கும். கூரை போட்டிருப்பார்கள், பூச்செடியும் வைத்திருப்பார்கள். ஏறுவதற்கு நாற்பது படியும் இருக்கும். இடுப்பு முறிந்தவள் எப்படி ஏறுவாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளும் சொல்லியிருக்க மாட்டாள். கீழே நின்று, "பாலம் ரொம்ப அழகா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

3

கனகரத்தினம் அண்ணன் கடையில் கறிவேப்பிலையை நிறுத்துக்கொண்டே விஷயத்தை முடித்தார்.

"பெட்டிசம் ஒண்டு எழுதுவம்."

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு மனு எழுதுவது கைவந்த கலை. அங்கே பெட்டிசம் எழுதாமல் ஒரு மதகுகூடக் கட்டப்பட்டதில்லை என்றும், தானே இளவயதில் ஒரு தபால் பெட்டியை இடம் மாற்றப் பெட்டிசம் எழுதி வென்றதாகவும் சொன்னார்.

"சனிக்கிழமை மூண்டு மணிக்கு ஒரு கூட்டம் வைப்பம். இந்த றோட்டில இருக்கிற எங்கட ஆக்கள் ஒரு இருவது பேரைக் கூப்பிடுறன். வரிக்குதிரைக் கோடு போட்ட கடவை ஒண்டு கேப்பம்."

"எங்க கூட்டம்?"

"உங்கட முன் அறையிலதான். இஞ்ச ஏலாது. வெங்காய மூட்டைக்கு மேலயே ஆக்களை இருத்துறது?"

"இருபது பேரா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏன் காணாதோ? முப்பது பேரைக் கூப்பிடுறன்."

இந்த இடத்தில் ஐந்து என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் அனுமதி வேண்டும் என்று நாம் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கே கூடினால், எதற்குக் கூடினால் என்பதெல்லாம் சட்டத்தில் விவரமாக இருக்கலாம். நான் படித்ததில்லை. என்னோடு இருந்தவர்களும் படித்ததில்லை. செம்பவாங் காப்பிக் கடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து வீட்டு வாடகையைப் பற்றிக் கொஞ்சம் சூடாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆள் வந்து நாற்காலியை இழுத்தால், எங்களில் ஒருவர் "சைக்கிளைப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்துவிடுவார். அவரிடம் சைக்கிளே கிடையாது.

அங்கே நம்மை யாரும் அடிக்கவில்லை. வீடு கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்தார்கள். காவல்காரர் வந்து எழுப்புவதற்கு முன்பே எழுந்து போகும் பழக்கத்தை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். நான் லண்டனுக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டு வந்தேன். அந்தப் பழக்கம் பெட்டியில் இல்லை, அதனால் சுங்கத்தில் பிடிபடவில்லை.

4

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போனேன். ராஜம்மாவிடம் சொல்லவில்லை. கனகரத்தினம் அண்ணனிடம் சொல்லவில்லை. ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டேன்.

முகப்பில் ஒரு சார்ஜெண்ட் இருந்தார். சிவந்த முகம், பெரிய உடம்பு. எனக்கு முன்னால் ஒருவர் தொலைந்துபோன நாயைப் பற்றிச் சொல்லி முடித்தார். நான் போய் நின்றேன்.

"எனக்கு ஓர் அனுமதி வேண்டும், சார்."

"துப்பாக்கி வைத்திருக்கவா?"

"இல்லை சார். கூட்டம் நடத்த."

அவர் பேனாவை எடுத்தார். "எந்த இடத்தில்?"

"என் வீட்டில். முன் அறையில்."

பேனா நின்றது. "எத்தனை பேர்?"

"இருபது, சார். வேண்டுமானால் பதினெட்டாகக் குறைக்கலாம்."

"கூடி என்ன செய்வீர்கள்?"

"பேசுவோம்."

"சத்தமாகவா?"

"ஒருவர் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். அவரிடம் சொல்லி வைக்கிறேன்."

சார்ஜெண்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு, வீட்டில் நண்பர்களைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு இந்த நாட்டில் அனுமதி தேவையில்லை என்றார், மெதுவாக.

தேவையில்லை என்று ஓர் அதிகாரி சிரித்த முகத்தோடு சொன்னால் என் அனுபவத்தில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கிடைக்காது. இரண்டு, கூட்டத்தை நடத்து, பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

"தேவையில்லை என்பதை எழுதிக் கொடுக்க முடியுமா, சார்?"

இப்படி ஒன்றை அவர் வாழ்நாளில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பின்னால் போய் இன்னொரு காவலரோடு பேசினார். சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு தாளில் எழுதினார். 'திரு. மாரிமுத்து சனிக்கிழமை மூன்று மணிக்குத் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டிப் பேசப் போவதாக என்னிடம் தெரிவித்தார். காவல் துறைக்கு ஆட்சேபம் இல்லை. தேநீர் சூடாக இருக்க வேண்டும்.' நான் கேட்டுக்கொண்டபடி முத்திரையும் குத்தினார்.

"வீட்டு இலக்கம் என்ன?" என்று கேட்டுத் தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார். எனக்கு மனம் நிறைந்தது. பதிவாகிவிட்டது. இனிப் பயமில்லை.

5

சனிக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். எல்லோரும் நம் வழக்கப்படி செருப்பையும் சப்பாத்தையும் வாசல் கதவுக்குள் கழற்றிவிட்டு முன் அறையில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் இளைஞர்கள். அகதி வழக்கு முடியாமல், உள்துறை அலுவலகக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள். ராஜம்மா வடை சுட்டிருந்தாள். என் மகள் வசந்திக்கு அப்போது பதினாறு வயது. படிக்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு விநோதம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகரத்தினம் அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த றோட்டுவாசிகளே" என்று ஆரம்பித்தார்.

மூன்று பத்துக்கு அழைப்பு மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். சார்ஜெண்ட். முழுச் சீருடை, தொப்பி கையில்.

"இந்தப் பக்கமாக வந்தேன். தேநீர் சூடாக இருக்கிறதா என்று பார்க்கலாமென்று."

நான் "வாங்க சார், வாங்க" என்று உரக்கச் சொன்னேன். பெருமையில்தான் உரக்கச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது முன் அறையில் யாரும் இல்லை.

பதினேழு பேர் ஓர் அறையிலிருந்து சத்தமில்லாமல் மறைய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. வடைத் தட்டு அப்படியே இருந்தது. தேநீர்க் கோப்பைகளில் ஆவி பறந்தது. சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. தோட்டத்து வேலி சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாவின் முட்டைக்கோஸ் பாத்தி வழியாகக் கடைசியாக ஓடியவரின் முதுகு மட்டும் தெரிந்தது. அது கனகரத்தினம் அண்ணனின் முதுகு.

சார்ஜெண்ட் வாசலில் குனிந்து பார்த்தார். பதினேழு ஜோடி செருப்புகளும் சப்பாத்துகளும் வரிசையாக இருந்தன.

"திரு. மாரிமுத்து, இவற்றுக்கு உரிய கால்கள் எங்கே?"

வசந்திதான் ஆங்கிலத்தில் சொன்னாள், இலங்கையில் சீருடைக்காரர் கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்று. பள்ளிக்கூடத் தோழிகளிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள். என்னிடம் அதுவரை சொன்னதில்லை. சார்ஜெண்டின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. தொப்பியை மடியில் வைத்து சோபாவில் உட்கார்ந்தார். ராஜம்மா அவர் கையில் வடையைக் கொடுத்தாள். வேறு யாரும் இல்லாததால் அவரிடமே சாலையைப் பற்றி முழுவதும் சொன்னாள். அவர் வேன் வந்த திசையைக் கேட்டார், லாரிகள் வரும் நேரத்தைக் கேட்டார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தான் சீருடையில் மனுவில் கையெழுத்திட முடியாது, ஆனால் விபத்துப் பதிவை, சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் வட்டாரக் கவுன்சிலுக்கு அனுப்ப முடியும் என்றார். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் போனதும் ராஜம்மா என் பக்கம் திரும்பினாள்.

"போலீஸுக்கு யாரு சொன்னது?"

நான் முத்திரை குத்திய தாளைக் காட்டினேன்.

"அப்பா!" என்றாள் வசந்தி. "நம்ம சிட்டிங் ரூமுக்கு பெர்மிஷன் கேட்டீங்களா? ஓ மை காட். திங்கக்கிழமை ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை. எதிர்ப்பக்கத்தில் நடந்ததுதான் கஷ்டமாக இருந்தது. புஷ்பராணி தொலைபேசியை எடுக்கவில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரன் பொலிசின் ஆள் என்று தெரு முழுவதும் பேச்சு. பயந்து வந்தவர்களின் வாயில் அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராஜம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையைத்தான் கடக்க முடியாமல் இருந்தது. இப்போது பேச்சும் அறுந்துவிட்டது.

மூன்றாம் நாள் சொன்னாள்: "நீங்க செஞ்ச வேலய நீங்களே சரி பண்ணுங்க. மொதல்ல எல்லார் செருப்பையும் கொண்டுபோய்க் குடுங்க."

6

கூச்ச சுபாவம் உள்ளவன் கதவு தட்டும் விதம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவருக்குக் கேட்கக் கூடாது, ஆனால் தட்டியதாகவும் இருக்க வேண்டும். அப்படித்தான் கனகரத்தினம் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் இரண்டு பெரிய பைகள். அவரே திறந்தார். காலில் ரப்பர் செருப்பு.

"உங்க சப்பாத்து, அண்ணே."

வாங்கிக்கொள்ளவில்லை. "ஏன் காணும் பொலிசட்டப் போனனீர்?"

"பயத்துல."

"ஆருக்குப் பயம்?"

யோசித்தேன். யாருடைய பெயரையும் சொல்ல முடியவில்லை. "யாருக்கும் இல்லண்ணே. அஞ்சு பேருக்கு மேல கூடுனா சொல்லிடணும்னு பழகிருச்சு. சொல்லலன்னாதான் பயம்."

அவர் கதவை முழுவதும் திறந்தார். "எனக்கு வழக்கு ஒண்டும் இல்லை, தெரியுமே? இந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்துப் பத்து வருஷம். பாஸ்போட் அலுமாரிக்குள்ள இருக்கு. எண்டாலும் அந்த உடுப்பைக் கண்டவுடன கால் ஓடிட்டுது. நான் ஓடேல்லை. கால்தான் ஓடினது. கோவாத் தோட்டத்துக்குள்ள போய்த்தான் எனக்கே தெரியும்." முட்டைக்கோஸைத்தான் கோவா என்றார். சொல்லும்போதே அவர் உதடு துடித்தது. பிறகு வெடித்துச் சிரித்தார். "பொலிசைக் கண்டா நாங்கள் ஓடுறம். நீர் பொலிசட்ட ஓடுறீர். இரண்டு பேரும் ஓட்டந்தான்!"

புஷ்பராணி அடுக்களையிலிருந்து வந்தார். "அப்ப இவர் உளவாளி இல்லையே?"

"உளவாளியோ? இந்த மனுசனுக்கு ஒருத்தனைக் காட்டிக் குடுக்கிற அளவுக்கு வாய் திறக்கேலுமே?"

அது பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சப்பாத்தை வாங்கிக்கொண்டு, வசந்தி தட்டச்சு செய்து வைத்திருந்த மனுவை என்னிடமிருந்து உருவினார். "முதல் கையெழுத்து நீர் வையும்."

எனக்கு அப்போது சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுதான். அந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். ஒரு மனுவில், அதுவும் முதல் ஆளாக. பெயரை எழுதினேன். அதுவரை சம்பளச் சீட்டிலும் பள்ளி அறிக்கையிலும் மட்டும் போட்ட கையெழுத்து, தாளில் கொஞ்சம் கோணலாக நின்றது.

மீதிப் பதினாறு ஜோடியையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எந்தச் செருப்பு யாருடையது என்று தெரியாததால் ஒவ்வொரு கதவிலும் பையைக் கொட்டினேன். அவர்கள் தேடும்போது நான் காவல் நிலையத்துக்குப் போன கதையைச் சொன்னேன். முதல் வீட்டில் மெல்லச் சொன்னேன். ஐந்தாவது வீட்டில் "துப்பாக்கி வைத்திருக்கவா" என்பதை சார்ஜெண்ட் குரலில் சொன்னேன். பத்தாவது வீட்டில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டு, "அண்ணை, முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்றார்கள். அந்த அறையில் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என்னோடு பதினொரு பேர். யாரும் சைக்கிளைப் பார்க்கப் போகவில்லை.

ஓர் இளைஞன் தன் வழக்கு முடியாததால் கையெழுத்து வேண்டாம் என்றான். சரி என்றேன். என்னைவிட அவனுக்குக் காரணம் அதிகம். இன்னொருவன் மூன்று பெயரில் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தடுக்க வேண்டியிருந்தது. மார்கரெட் அம்மா தன் முட்டைக்கோஸில் பதிந்த காலடிகளை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, தன் தேவாலயத்து ஆட்களிடமும் கையெழுத்து வாங்கித் தந்தார். ஒரு தாள் நான்கு தாளாயிற்று.

தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மழை என்று பதில் வந்தது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போனபோது, மனுவைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு ஆறு பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அலுவலர் புகைப்படத்தில் என் காது தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். வேறு படம் கொடுத்தேன். முடிந்தது. வெளியே வந்தபோது நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. என் கோணல் கையெழுத்தை யாரும் கவனிக்கவே இல்லை.

7

மனு கவுன்சிலில் எட்டு மாதம் படுத்துக் கிடந்தது. ஒரு கடிதம் வந்தது, பெற்றுக்கொண்டோம் என்று. இன்னொரு கடிதம் வந்தது, முந்தைய கடிதம் வந்ததா என்று கேட்டு. பிறகு குழுக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். தெருவாசி ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம்.

யார் பேசுவது? கனகரத்தினம் அண்ணன் பேசினால் மூன்று நிமிடம் அவைக்கு வணக்கம் சொல்லவே போதாது. முதல் கையெழுத்து என்னுடையது, அதனால் நான்தான் என்று முடிவாயிற்று. வசந்தி எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரம் குளியலறையில் படித்துப் பார்த்தேன். கூட்டத்தில் என் பெயரைச் சொன்னபோது எழுந்தேன். தாள் இருந்தது, குரல் இல்லை. வாயைத் திறந்து மூடினேன். தலைவர் அன்பாகக் காத்திருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ராஜம்மா எழுந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தடியை ஊன்றிக்கொண்டு ஒலிவாங்கியை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வசந்தி கைபிடிக்கப் போனாள்.

"விடுலா" என்றாள், கையை உதறி.

நடந்தாள். ஓர் எட்டு, ஒரு மூச்சு, இன்னோர் எட்டு. அந்த மண்டபத்தில் தடி தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓர் உறுப்பினர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். அவள் பாதி வழியில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். வேண்டுமென்றேதான் கடைசி வரிசையில் உட்கார்ந்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

ஒலிவாங்கியைத் தொட்டபோது மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது.

தலைவர் சங்கடத்தோடு, ஒரு வாக்கியம் சொல்லலாம் என்றார். ராஜம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கள் சாலை இந்த மண்டபத்தைவிட அகலம்."

திரும்பித் தன் இடத்துக்கு நடந்தாள். அவள் உட்காரும் வரை அடுத்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை.

8

கடவை வந்து சேர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நம் ஊராக இருந்தால் அதற்குள் கட்டி, இரண்டு தடவை வண்ணமும் பூசியிருப்பார்கள். இங்கே முதலில் ஓர் ஆள் வந்து பார்த்தார். பிறகு இன்னோர் ஆள் வந்து முதல் ஆள் பார்த்த இடத்தைப் பார்த்தார். எங்கே போடலாம் என்று எங்களையே கேட்டார்கள். தெருவே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தன் கடை வாசலிலேயே வேண்டும் என்று கனகரத்தினம் அண்ணன், பேருந்து நிறுத்தத்தில் வேண்டும் என்று மார்கரெட் அம்மா. இத்தனை பேரைக் கேட்காமல் கட்டிவிடும் நாட்டின் அருமை எனக்கு அந்த மாதத்தில் நன்றாகப் புரிந்தது. கடைசியில் இருவருக்கும் பிடிக்காத ஓர் இடத்தில், எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள். வெள்ளைக் கோடுகள், இரு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கம்பம், அதன் உச்சியில் மஞ்சள் விளக்கு.

திறந்த நாளில் ராஜம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டாள். நானும் வசந்தியும் கூடப் போனோம். ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். கால் தயங்கியது. நான் கையை நீட்டினேன்.

"நீங்க இங்கயே நில்லுங்க."

தடியைக் கோட்டில் வைத்தாள். சிவப்புப் பேருந்து ஒன்று நின்றது. அதன் பின்னால் ஒரு லாரி. எதிர்ப்பக்கமிருந்து ஒரு வேன். எல்லாம் நின்றன. அவள் நடந்தாள். நடுவில் போய் நின்றுவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று பார்த்தால், தோளில் சரிந்த முந்தானையை நிதானமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். லாரிக்காரரை ஒரு தடவை பார்த்தாள். பேருந்துக்காரரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மிச்சத்தை நடந்து, அந்தப் பக்கம் ஏறி, புஷ்பராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டாள். இரண்டு பேரின் குரலும் உடனே இங்கே கேட்டது.

அடுத்து என் முறை. கோட்டின் ஓரத்தில் நின்றேன். இன்னொரு லாரி வந்து எனக்காக நின்றது. நான், நீங்கள் போங்கள் என்று கை காட்டினேன். ஓட்டுநர், நீங்கள் போங்கள் என்று கை காட்டினார். நான் மறுபடியும், பரவாயில்லை, நீங்கள் போங்கள் என்றேன். பின்னால் ஆறேழு வண்டிகள் சேர்ந்துவிட்டன. யாரோ ஒலி எழுப்பினார்கள்.

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் வசந்தி, முகத்தை மூடிக்கொண்டு. "அவர் நிக்கணும். நீங்க நடக்கணும். அவ்வளவுதான்."

தலையைக் குனிந்து, கையைக் கூப்பி, ஒவ்வொரு வண்டிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடந்தேன். ராஜம்மா நடந்து கடந்த சாலையை நான் ஓடித்தான் கடந்தேன்.